ஒன்பதடி ராடு

எங்கள் கம்பெனி கேன்டீனில் மீன்பிடிப்பு என்று பேச்சு வந்தால் நான்தான் பேசுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணகிரி அணையில் ஜிலேபி மீன் பிடிக்கிறவன், அவ்வளவுதான். கடலில் படகேறியதே இல்லை. ஆனால் போனில் பார்த்த வீடியோவையெல்லாம் நானே செய்ததைப் போல அளந்துவிடுவேன்.

அதை நம்பியவர் எங்கள் லைன் சூப்பர்வைசர். சூளகிரிப் பக்கம் விவசாயக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் வெர்டிகல் ஜிக்கிங் பைத்தியம். மீன் வடிவ உலோகத் துண்டைப் படகுக்கு நேர்கீழே ஆழத்தில் இறக்கி, சுண்டிச் சுண்டித் தூக்கி மீனை ஏமாற்றுவது. இவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“சம்பந்தி வூட்டுக்காரங்க முன்னாடி அசிங்கப்படக் கூடாதுப்பா. தூண்டில் ராடும் லைனும் நீயே பாத்து எடுத்துக் குடு” என்றார்.

ஜூஜுவாடியில் ஒரு பாய் தூண்டில் கடை வைத்திருக்கிறார். அவரையும் அங்கே கூட்டிப்போய், ஜிக்கிங்குக்கு என்று சொல்லி, இருந்ததிலேயே நீளமான ஒன்பதடி ராடை எடுத்தேன். பலமாக இருக்கட்டும் என்று லைனுக்குத் தடித்த நைலான் நரம்பு.

பாய் மெதுவாகச் சொன்னார்: “இது தூர வீசுறதுக்குங்க. நேரா எறக்கித் தூக்க ஆறடி ராடு போதும், கை வலிக்காது. நைலான் ரப்பராட்டம் இழுபடும். அவ்ளோ ஆழத்துல மீன் கடிச்சாலும் கைக்குத் தெரியாது. பின்னல் லைன் எடுத்துக்கங்க.”

எனக்குச் சுருக்கென்றது. கடையில் வேறு நாலு பேர் நின்றிருந்தார்கள்.

“பாய், நான் வருசா வருசம் கடலுக்குப் போறவன். நீங்க இந்தக் கல்லாவ வுட்டு எறங்கியிருக்கீங்களா? கேட்டத எடுத்துக் குடுங்க, போதும்.”

அவர் அதையே எடுத்துவைத்துப் பில் போட்டார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

தூத்துக்குடி போய்த் திரும்பியவரிடம் கேன்டீனில் எல்லோரும் விசாரித்தார்கள். ஒரு மீனும் மாட்டவில்லையாம். அரை மணி நேரத்திலேயே தோள் விட்டுப்போய், மீதி நேரம் படகில் சும்மா உட்கார்ந்திருந்தாராம். “ராடு நல்ல ராடுதான். எனக்குத்தான் கை பழகல” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

நாலு நாள் கழித்துக் கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அண்ணே, நான் கடலுக்குப் போனதே இல்லண்ணே. சும்மா பீத்திக்கிட்டேன்.”

“தெரியும்பா. படகுல ராடப் பாத்ததுமே, இது கடலுக்குப் போறவன் எடுத்த ராடு இல்லன்னு மாப்ள சொல்லிட்டாரு.” மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார். “ராடு போவுது வுடு. அந்த மனுசன நாலு பேர் மத்தியில அப்பிடிப் பேசினியே, அதான் எனக்குத் தாங்கல. நானும் வாய மூடிக்கிட்டு நின்னுட்டேன். நேத்து நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்.”

எனக்காக அவர் போயிருக்கிறார். காது மடலெல்லாம் எரிந்தது.

அந்த ஞாயிறு ஜூஜுவாடிக்குப் போனேன். கடையில் கூட்டம். ஆள் குறையட்டும் என்று வெளியே நின்றேன். பிறகு, திட்டியது எல்லோர் முன்னாலும்தானே, மன்னிப்பும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. உள்ளே போனேன்.

“பாய், அன்னிக்கு நான் பேசினது தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியாது. மன்னிச்சிருங்க.”

பேச்சு நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “சரிங்க” என்றார். அடுத்த ஆளுக்குக் கொக்கி எண்ணத் தொடங்கினார்.