சீல் நிற்காத கல்யாணச் சான்றிதழ்

தண்ணீர் வாரியத்தில் முப்பது வருஷம் மீட்டர் பார்த்தவருக்குக் காகிதம் என்றாலே என்றைக்காவது நனைந்துபோகிற சாமான். அதனால் கையில் எது கிடைத்தாலும் லேமினேட் செய்துவிடுவார். பல் டாக்டரின் சீட்டைக்கூட விட்டதில்லை. "நான் கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா என்னையும் மிஷின்ல விட்டுடுவீங்க" என்பாள் மனைவி.

ஓய்வு பெற்றதும், மகள் இருக்கிற வெளிநாட்டில், அவளுக்கு அடுத்த தெருவிலேயே இரண்டு அறை வீடு ஒன்றைப் பேசி முடித்தார்கள். வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்றார் விற்பவர். இருவர் பேரிலும் பதிய வேண்டுமென்றால் கல்யாணச் சான்றிதழின் அசலில் அரசு சீல் வேண்டும்.

திங்கட்கிழமை சீல் போடும் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி அம்மாள் சான்றிதழைத் தடவிப் பார்த்துவிட்டு ஓரத்தில் ஒரு குத்து குத்தினார். மை வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பிளாஸ்டிக் மேல சீல் நிக்காது சார். உரிச்சா பேப்பரும் கூடவே வந்துடும்."

மனுஷருக்கு முகம் செத்துவிட்டது.

"ஒண்ணு பண்ணுங்க. வீட்ட உங்க பேர்ல மட்டும் வாங்கிடுங்க. இந்த சர்டிபிகேட்டே தேவைப்படாது" என்றார் அதிகாரி.

"அப்படியே பண்ணிடுங்க" என்றாள் மனைவி. "யார் பேர்ல இருந்தா என்ன, கூட்டப்போறது நான்தானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. பதினோரு வாடகை வீடு மாறியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணி அடிப்பதற்கு அனுமதி கேட்டு வாசலில் நின்றவள் அவள். அத்தனை வீட்டுக்காரர்களுக்கும் அவள் மீட்டர்காரர் சம்சாரம், அவ்வளவுதான்.

"உன் பேர் இல்லாம எனக்கு வீடே வேணாம்" என்றார். அதட்டலாகத்தான் வந்தது.

அங்கிருந்து அடித்துப்பிடித்துப் பதிவாளர் அலுவலகம். இருவரும் நேரில் கையெழுத்துப் போட்டால் பழைய பதிவேட்டிலிருந்து அசலுக்குச் சமமான புதுப் பிரதி கிடைக்கும், மூன்று நாள் ஆகும் என்றார் குமாஸ்தா. மூன்று நாளும் மனுஷர் அங்கிருந்த பெஞ்சை விடவில்லை. வந்தவர்கள் அவரை ஆபீஸ் ஆள் என்று நினைத்து விண்ணப்பத்தை நீட்டினார்கள். நாலு பேருக்கு நிரப்பியும் கொடுத்தார். வியாழக்கிழமை மத்தியானம் பிரதி கைக்கு வந்தது, சாயங்காலத்துக்குள் சீலும் விழுந்தது. ஸ்கேன் அன்றே மகளின் வக்கீலுக்குப் போனது. சீல் விழுந்த பிரதி கூரியரில் கிளம்பியது.

அடுத்த மாதம் மகள் போன் செய்தாள். "அம்மா, பத்திரம் வந்துடுச்சு. உரிமையாளர்னு முதல்ல உன் பேர்தாம்மா இருக்கு." முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டுவதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.



"அம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். இன்னொரு தடவ படி."