பவுல்ராஜ் தந்த நிறம்

பவுல்ராஜ் அண்ணாச்சியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் கூசும். திசையன்விளைச் சந்தை ஓரம் மருந்துக்கடை வைத்திருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, சாமியார் பிரசங்கம் வைப்பது போல ஒரு குரல். யாரையும் டாக்டரிடம் போக விடமாட்டார்.

"அங்கன எதுக்குப் போற? நான் இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கேன்லா?" என்பார். கடற்கரை ஊர்க்காரர்கள் நாங்கள் மொத்தமாக நம்பினோம்.

தொண்ணூற்றாறில் அப்பாவுக்கு வலைக்கயிறும் உப்புத்தண்ணீரும் பட்டுப் பட்டுக் கையில் கரப்பான் புண் வந்தது. அண்ணாச்சி தந்த எதிலும் ஆறவில்லை. பாளையங்கோட்டையில் தோல் டாக்டர் வித்யாலக்ஷ்மி ஒரு களிம்பு எழுதித் தந்தார். ராத்திரி மட்டும், புண் உள்ள இடத்தில் மட்டும், மெல்லிசாகப் பூச வேண்டும். இரண்டு வாரத்தில் நிறுத்திவிட வேண்டும். முகத்தில் படவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். கரப்பான் ஆறியது. அப்பா அதற்குப் பிறகும் விடாமல் பூசினார். மணிக்கட்டுத் தோல் வெளுத்தது. அம்மாவின் கண் அந்த வெளுப்பில் விழுந்தது.

அப்போதுதான் தங்கை விக்டோரியாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சம்மதம்தான், ஆனால் நிறம் மட்டு என்று எங்கள் காதுபடவே பேசினார்கள். அம்மா களிம்புக் குழாயோடு கடைக்கு ஓடினாள்.

"இத மூஞ்சில போடலாமா அண்ணாச்சி?"

"தாராளமாப் போடு. இதக் குடுத்து எத்தன பொண்ணுவளக் கரையேத்திருக்கேன்!"

முதலில் வெளுக்கத்தான் செய்தது. பக்கத்து வீட்டுப் பெண்களும் வாங்கிப் பூச ஆரம்பித்தார்கள். சில மாதம் போனதும் விக்டோரியாவின் கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, நரம்பு தெரிந்தது. முகமெங்கும் பரு. ஒரு நாள் பூசாவிட்டால் மிளகாய் அரைத்துத் தேய்த்தது போல எரியும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவாள்.

பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் வித்யாலக்ஷ்மி பார்த்ததும் தலையில் கைவைத்தார். "மருந்து நல்ல மருந்துதான். போட்ட இடமும் போட்ட காலமும் தப்பு. இப்ப நிறுத்தினா சில வாரம் இன்னும் சிவக்கும், எரியும். பயந்து திரும்பத் தொட்டுராத. நான் சொல்லும்போதெல்லாம் வந்து காட்டு."

அதற்குள் கோவில் பூசையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாயிற்று. கல்யாணம் முடியும் வரையாவது பூசச் சொல்லி அம்மா அழுதாள். விக்டோரியா பூசுவதை அன்றோடு நிறுத்தினாள். சந்தை நாளன்று முக்காடு போடாமல் பவுல்ராஜ் கடை முன்னால் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"ஏட்டி, மூஞ்சிய மூடு. ஆளு வாற இடம்லா?" என்று சீறினார். பிறகு குரலைத் தாழ்த்திப் புதுக் குழாய் ஒன்றை நீட்டினார். "துட்டு வேண்டாம். இன்னும் நல்லாப் பூசு, சரியாயிரும்."

பக்கத்தில் அவர் மகள் ஜாய்சி மாத்திரை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் எங்களைப் போலக் கறுப்புத்தான். விக்டோரியா குழாயைப் பிதுக்கி விரலில் எடுத்தாள்.

"மொதல்ல ஜாய்சிக்குப் பூசுதேன் அண்ணாச்சி."

ஜாய்சி சிரித்துக்கொண்டே கன்னத்தை நீட்டினாள். பவுல்ராஜ் பாய்ந்து விக்டோரியாவின் கையைத் தட்டிவிட்டார். களிம்பு வாங்க வந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

விக்டோரியா சிவந்த முகத்தோடுதான் மணவறையில் நின்றாள். பவுல்ராஜ் வெள்ளைச் சட்டையோடு வந்து பந்தியில் உட்கார்ந்தார். நான் அவருக்கு இலை போடவில்லை.