பிரேக் டீச்சரும் மூன்று ஒயர் சென்சாரும்

அவரை எல்லோரும் பிரேக் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். வயது ஐம்பத்தெட்டு. இருபத்து மூன்று வருடங்களில் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அத்தனை பேரும் இடித்தது, உரசியது, நடுவழியில் என்ஜினை அணைத்தது எல்லாம் ஒரே காரைத்தான். பக்கத்து சீட்டின் காலடியில் டீச்சருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தால் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். வண்டியை நிறுத்தியது படிக்க வந்தவரா டீச்சரா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அந்த பல்பு ஃபியூஸ் போய் ஆறு வருடமாகிறது. படிக்க வருபவர்களுக்குத் தன்னம்பிக்கை வளர்கிறது என்று டீச்சர் அதை மாற்றவில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் புகை டெஸ்ட் வந்து குறுக்கே விழுந்தது. வண்டி அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றது. மூன்றாவது முறையும் தோற்றால் பயிற்சி வண்டிக்கான அனுமதி ரத்து. அனுமதி போனால் பள்ளியை இழுத்து மூட வேண்டியதுதான்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் வாரத்துக்கு ஒரு முறை போன் செய்வான். "போதும்மா, ஓட்டினது போதும். இங்க வந்து என்கூட இரு" என்பான். இரண்டாவது முறை தோற்ற அன்று பார்த்து அவன் போன் செய்ய, டீச்சர் எரிச்சலில், "மூணாவது தடவையும் போச்சுன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடறேன், போதுமா?" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாமா? அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மகன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு வெளியே கிளம்பாத ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று டீச்சருக்குத் தெரியாது.

டீச்சருக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவன் இருக்கிறான். கார் எலக்ட்ரீஷியன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"அக்கா, உன் வண்டிக்கு ஒரு நோயும் இல்ல. உன்கிட்ட படிக்கிறவங்க ஓட்டுற ஓட்டுதான் நோய்."

"வாய அளந்து பேசுடா."

"கோவப்படாம கேளு. புகை போற குழாய்ல ஆக்ஸிஜன் சென்சார்னு ஒண்ணு இருக்கு. அது புகைய மோந்து பாத்து, பெட்ரோல் அதிகமா கம்மியான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஆனா நல்லா சூடானாத்தான் அதுக்கு வாய் திறக்கும். இது பழைய மாடல், ஒரே ஒயர். புகையோட சூட்டுலயேதான் அது காயணும். நீங்க இருபதுல போறீங்க, முக்குக்கு முக்கு நிறுத்தறீங்க. அது எங்க காயும்? கம்ப்யூட்டரும் பாவம், குத்துமதிப்பா பெட்ரோல ஊத்துது."

"இப்ப என்ன பண்ணணும்ங்கற?"

"ஹீட்டர் வெச்ச சென்சார் மாத்திடலாம். மூணு ஒயர். ஒண்ணு சேதி சொல்ல, ரெண்டு ஹீட்டருக்கு. வண்டி நின்னுக்கிட்டே இருந்தாலும் அது சூடாவே இருக்கும்."

பழைய சென்சார் லேசில் வரவில்லை. துரு எண்ணெயில் ஊறவைத்து, நீளமான ஸ்பானரைப் போட்டு, தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்த பிறகுதான் அசைந்து கொடுத்தது. புதியது சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. இனி ஹீட்டருக்குக் கரன்ட் வேண்டும். சாவி போட்டால் வர வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். தம்பி பானெட்டுக்குள் தலையை விட்டு, டெஸ்ட் விளக்கை வைத்து ஒவ்வொரு ஒயராகக் குத்திப் பார்த்தான். டீச்சர் தன் வழக்கமான சீட்டில் உட்கார்ந்து, கையை நீட்டிச் சாவியைத் திருப்பிக்கொடுத்தார்.

"போடு!" விளக்கு எரிந்தது. "எடு!" அணைந்தது. "மறுபடி போடு!" எரிந்தது.

"அம்சமான ஒயர்" என்று சொல்லி, தம்பி ஹீட்டரை அதில் கோத்துவிட்டான். அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். சென்சாரில் மாட்டிய மீட்டர் முள் மேலும் கீழும் துள்ளியது. அப்படித் துள்ளினால் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் நாற்றம் மாயமாகிவிட்டது. டீச்சர் சீட்டை விட்டு இறங்காமலே தம்பியைப் பாராட்டினார்.

மறுநாள் டெஸ்ட் நிலையத்துக்குத் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து டீச்சரே ஓட்டிப் போனார். வரிசையில் நாற்பது நிமிடம். என்ஜினை அணைக்கக் கூடாது என்று உத்தரவு. முறை வந்ததும் பரிசோதகர் இவர்களை இறங்கச் சொல்லிவிட்டு, குழாயில் கருவியைச் செருகி, எண்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லம்மா. தேறாது."

டீச்சர் அவர் முன்னால் போய் நின்றார். "சார், நேத்துதான் புது சென்சார் போட்டோம். எங்கேயோ ஒரு ஒயர் விட்டிருக்கும். கொஞ்சம் தயவு பண்ணுங்க."

பரிசோதகர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு மூடிடுவேன். அதுக்குள்ள சரி பண்ணிக் கொண்டாங்க. அதே ரசீதுல இன்னொரு தடவை பாக்கறேன். அதோட முடிஞ்சுது."

மணி மூன்று. வண்டியை மதில் ஓரமாக நிறுத்தி, சாவியை எடுக்காமல் விட்டார்கள். டீச்சர் போய்த் தன் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். தம்பி பானெட்டைத் திறந்து அந்த ஒயரைக் குத்திப் பார்த்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"கரன்ட் வருதேக்கா!"

"எங்க, காட்டு" என்று டீச்சர் இறங்கி வந்தார். விளக்கு அணைந்திருந்தது.

"இப்ப எரிஞ்சுதே!"

"உன் தலை. கண்ணாடி மாத்துடா" என்று போய் உட்கார்ந்தார். எரிந்தது. இறங்கினார். அணைந்தது. மூன்றாவது முறை அவர் உட்கார்ந்ததும் தம்பி மெதுவாக நடந்துவந்து, கதவைத் திறந்து, குனிந்து பார்த்தான்.

"அக்கா, காலை எடு."

"எந்தக் காலை?"

"பிரேக் மேல வெச்சிருக்கியே, அந்தக் காலை."

"நான் எங்கடா வெச்சிருக்கேன்?" என்று டீச்சர் குனிந்து பார்த்தார். கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. மிதித்துக்கொண்டும் இருந்தது.

அந்த அம்சமான ஒயர், டீச்சரின் பிரேக்கிலிருந்து ஃபியூஸ் போன அந்தச் சிவப்பு விளக்குக்குப் போகும் ஒயர். அவர் மிதிக்கும்வரைதான் ஹீட்டர் எரியும். வரிசையில் நின்ற நாற்பது நிமிடமும் அவர் ஓட்டுநர் சீட்டில் இருந்தார். சென்சார் ஆறி அவலாகிவிட்டது.

"இருபத்து மூணு வருஷமா இப்படியே மிதிச்சுக்கிட்டுதான் இருக்கியா? அப்ப உன்கிட்ட படிச்சவன் எவனுமே வண்டிய நிறுத்தினதில்லையா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மணி என்ன பாரு!"

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒயரைப் பிடுங்கி, என்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்புக்குப் போகும் கரன்டில், நடுவே ஒரு ஃபியூஸ் வைத்துக் கோத்தான். என்ஜின் ஓடினால் ஹீட்டரும் ஓடும். யார் காலும் வேண்டாம். மூன்று ஐம்பதுக்குப் பரிசோதகர் மறுபடி கருவியைச் செருகினார். எண்களை இரண்டு முறை பார்த்தார். சான்றிதழில் முத்திரை குத்தினார்.

டீச்சர் அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டார். "தேறிடுச்சுடா!"

மறுமுனையில் மகன் இழுத்துச் சொன்னான். "சரிம்மா. சந்தோஷம்."

"சந்தோஷத்த ஏண்டா இப்படி இழுத்துச் சொல்ற?"

"ஒண்ணுமில்லம்மா. உனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சேன். பெயிண்ட் கூட அடிச்சாச்சு."

"என்ன கலர்?" என்று டீச்சர் கேட்டுவைத்தார்.

"நீலம்."

"எனக்கு நீலம் கண்ணுல பட்டாலே ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" அவன் கோபமாகக் கேட்கவில்லை, தெரியாததைத் தெரியாது என்றுதான் சொன்னான். "சின்ன வயசுல நான் எழுந்திருக்கறப்ப நீ கிளாஸுக்குப் போயிருப்ப. நீ வர்றப்ப நான் தூங்கியிருப்பேன். எதாவது கேக்கலாம்னா ஆளே இருக்க மாட்டியே."

டீச்சருக்குச் சுருக்கென்றது. கண் நிறைந்துவிட்டது. "தேறினதுக்கு எதுக்குக்கா அழற?" என்று தம்பி கிட்டே வந்தான். அவனைக் கையால் விலக்கிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சரி, உனக்கு எந்தக் கலர்டா பிடிக்கும்?"

முப்பது வயது மகனிடம் ஒரு தாய் கேட்கிற கேள்வியா அது? கேட்டுவிட்டார்.

"நீலம்தாம்மா" என்றான் அவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் அத்தனையையும் டீச்சர் ரத்து செய்தார்.