மேல் ஸ்டோரில் கிடந்த நாலு டயர்

1. கவுண்டர்

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு டயர் கடைக் கவுண்டரில் இருபத்தாறு வருடம் நின்றேன். முதல் நாள் வந்த முதல் வாடிக்கையாளர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆம்பள யாரும் இல்லையாம்மா?"

"ஆம்பள பொம்பள பாத்தா டயர் உருளுது? சைஸ் சொல்லுங்கண்ணே."

அவர் சொல்லவில்லை. டயர் மாட்டுகிற மணியம் சாப்பிட்டு வரும்வரை வெளியே நின்றார். மணியம் வந்து விலையை என்னிடம்தான் கேட்டான். இருபத்தாறு வருடமும் இதே கதைதான்.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் சீவியவர். "அதான் உங்களுக்கு டயர் ரத்தத்துலயே இருக்கு" என்று சிலர் சொல்வார்கள். ரத்தத்தில் ஒரு மண்ணும் இல்லை. நின்று நின்று கற்றேன்.

இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த கேவலமான காரியம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

2. தேர்வு

குணசேகரன் அண்ணன் பக்கத்து ஊரான பத்து காஜாவைச் சேர்ந்தவர். ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளி, நோயாளியைத் தூக்கி, பெஞ்சென் வாங்கியவர். வேலை முடிந்த வருடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினார். ஜப்பான் வண்டி, இரண்டே இருக்கை, சிவப்பு. பிள்ளைகள் இரண்டு பேரும் சிரித்தார்கள். மூத்தவன் சண்டையே போட்டான். மனைவி சரோஜா அக்கா மட்டும் ஏறி உட்கார்ந்தார்.

அவர் கடைக்கு வந்து உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இந்தக் காடிக்கு எந்த டயர் போடலாம்? எனக்கு ஒண்ணும் தெரியாது லா. நீங்க சொல்றதுதான்."

அந்தக் காருக்கு டயர் அகலம் முன்னால் 215, பின்னால் 245. பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட முடியாது. சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு, எழுத்து எவ்வளவு வேகம் தாங்கும் என்பதற்கு. இரண்டும் பொருந்த வேண்டும். அப்புறம் நான் கேட்பது ஒரே கேள்வி: மழையில் ஓட்டுவீர்களா?

"மழையா? மாசம் ஒரு தடவ கேமரன் மலைக்குப் போவோம். அவளுக்கு அங்க குளிரு புடிக்கும்."

"அப்ப ஈரத்துல புடிக்கிற டயர்தான் வேணும்ணே. சீக்கிரம் தேயும். பரவாயில்லையா?"

"தேயட்டும். நானே தேஞ்சுதான் இருக்கேன்."

சரோஜா அக்கா, "அவரத்தான் மாத்த முடியல, டயரயாவது மாத்துங்கம்மா" என்றார். மூவரும் சிரித்தோம்.

ஆர்டர் போட்டால் வர மூன்று வாரம் ஆகும் என்றேன். "காத்திருக்கேன். எனக்கு என்ன அவசரம்?" என்றார்.

இந்த ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை. அவர் அவசரப்படவே இல்லை.

3. மேல் ஸ்டோர்

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து கூப்பிட்டார்.

"மேல அந்த சைஸ் ஒரு செட் கிடக்குல்ல?"

"அது ஆறு வருஷச் சரக்கு, முதலாளி."

"புதுசுதானே. ஒருத்தனும் ஓட்டல."

டயர் விற்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும், ஓட்டாவிட்டாலும் ரப்பர் கெடும். எங்கள் மேல் ஸ்டோருக்குத் தகரக் கூரை. மதியம் உள்ளே போனால் மூச்சு முட்டும். அந்தச் சூட்டில் ஆறு வருடம் கிடந்த டயர் பார்க்கப் பளபளவென்று இருக்கும்; நகத்தால் அழுத்தினால் உள்ளே போகாது. ஈரச் சாலையில் பிடிப்பு இருக்காது. தயாரித்த வாரமும் வருடமும் நான்கு எண்ணாக டயரிலேயே அச்சடித்திருக்கும். அந்த வகை டயரில் அது ஒரு பக்கம்தான் இருந்தது. சரியாக மாட்டினால் அந்தப் பக்கம் காருக்கு உள்பக்கம் போய்விடும்.

"மாட்டிட்டா யாரு குனிஞ்சு பாக்கப்போறா?" என்றார் முதலாளி. "கமுந்திங்ல புதுக் கடை தொறக்கிறேன். ஆள் பாத்துக்கிட்டு இருக்கேன். அங்க மேனேஜர் நாற்காலியில உக்கார ஆசை இருக்கா, இல்லையா?"

இருந்தது. நிறைய இருந்தது. ஆம்பள இல்லையா என்று கேட்ட அத்தனை பேருக்கும் முன்னால் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று இருந்தது. வயிற்றுக்கில்லாமல் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆசைக்குத்தான் செய்தேன்.

திரும்பி வந்து, "அண்ணே, உங்க அதிர்ஷ்டம், மேல ஒரு செட் இருக்கு" என்றேன்.

மணியம் நாலையும் கீழே உருட்டிக்கொண்டு வந்தான். எண்ணைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அக்கா?" என்றான்.

"மாட்டு" என்றேன்.

மாட்டி முடித்ததும் சரோஜா அக்கா கைப்பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்தார். புது டயர் முதல் உருட்டு உருளும்போது நசுக்க வேண்டுமாம். அவரே வைப்பார் என்று நினைத்தேன். என் கையில் கொடுத்தார்.

"நீங்க பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தது. உங்க கையாலயே வைங்கம்மா."

குனிந்து நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொன்றாக வைத்தேன். பின்சக்கரத்துக்கு வைக்கும்போது அந்த நான்கு எண்ணும் உள்பக்கத்தில் எனக்குத் தெரிந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். எழுந்து கை துடைத்தேன். வண்டி நகர்ந்தது, பழம் நசுங்கியது, அக்கா என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

4. சிம்பாங் பூலாய்

இரண்டு மாதம் கழித்து, கேமரனிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் மலைப்பாதையில், தூறலில், பின்பக்கம் வழுக்கி கார் சுழன்று மலைச்சுவரில் மோதியது. சரோஜா அக்காவுக்கு இடுப்பு உடைந்தது. அண்ணனுக்குக் கீறல்.

காரை இழுத்துப்போட்ட பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். டயர் நாலும் தேயவே இல்லை. வரி எல்லாம் ஆழமாக, அழகாக இருந்தது. பட்டறைக்காரர், "டயர் புதுசும்மா. கிழவர் கை நடுங்கியிருக்கும்" என்றார்.

முதலாளியிடம் சொன்னேன். "புது டயர் போட்டிருந்தாலும் வழுக்கியிருக்கும்" என்றார். இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இல்லாமல் செய்தது நான்தான்.

கமுந்திங் நாற்காலி எனக்கு வந்தது. இரண்டு வருடம் உட்கார்ந்தேன். அங்கேயும் ஆம்பள இல்லையா என்றுதான் கேட்டார்கள். போன வருடம் வேலையை விட்டேன்.

5. பத்து காஜா

விட்ட மறு வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். அண்ணன் இளைத்துப்போயிருந்தார். காரை இரும்புக்கு விற்றுவிட்டார். லைசென்ஸையும் புதுப்பிக்கவில்லை.

"வயசான காலத்துல ஆசப்பட்டேன் தங்கச்சி. அவ இடுப்ப ஒடிச்சிட்டேன். மூத்தவன் எங்கிட்ட பேசறதே இல்ல."

சொன்னேன். ஆறு வருடம், தகரக் கூரை, நான்கு எண், நாற்காலி, எல்லாம்.

அவர் ஒன்றுதான் கேட்டார். "நான் காத்திருக்கேன்னு சொன்னேனே?"

"சொன்னீங்கண்ணே."

அக்கா திட்டவில்லை. போனை எடுத்தார். "எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? எம் மூத்த மவங்கிட்ட சொல்லு. அப்பாதான் கொல்லப் பாத்தாருன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கான்."

மகன் முழுவதும் கேட்டான். பிறகு, "எங்கப்பா உங்களுக்கு என்ன குடுத்தாரு?" என்றான்.

"தம்பி, நான் மாட்டச் சொன்ன டயர்…"

"ரெண்டு வருஷம் எங்க போனீங்க? டயர் எங்க? காட்டுங்க. காடியயே வித்தாச்சு. இப்ப வந்து கத சொல்லுறீங்க. அவர்ட்ட சொல்லுங்க, ஆள் வச்சுப் பேச வேணாம்னு."

போன் அடங்கியது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். போகும்போது இருந்ததைவிட மோசமாக அவரை வைத்துவிட்டு வந்தேன். முன்பு அவர் கை நடுங்கிய கிழவர்தான். இப்போது பொய் சாட்சிக்கு ஆள் பிடித்த கிழவர்.

புகார் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். "நீ போம்மா."

கவுண்டருக்கு வரப்போகிறவர்களே, சைஸ், எடை, வேகம் எல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நான் தேவையில்லை. தெரிந்த உண்மையைக் கார் ஜாக்கியில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு நீங்கள் எவ்வளவு அழுது சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது.