வென்றவளின் தகப்பன் பெயர்

என் கணவரின் அண்ணன் கிரேக்க நாட்டுக்கு பஸ் சுற்றுலா போய் வந்தார். போகும்போது புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளராகவும், மொன்றியலில் இருக்கும் பல தமிழ்ச் சங்கங்களில் ஒன்றின் தலைவராகவும் இருந்தவர், வரும்போது கிரேக்க அறிஞராகத் திரும்பி வந்தார். ஒலிம்பியாவின் பழைய ஓட்டத் திடலில், கற்கள் பதித்த தொடக்கக் கோட்டில் ஒரு காலை வைத்து நின்ற படத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இடுப்பில் பயணப் பை, தலையில் தொப்பி, முகத்தில் இப்போதே ஓடப்போகிறவரின் தீவிரம். அடுத்த நாளே அறிவித்துவிட்டார்: இந்தக் கோடையில் எங்கள் விளையாட்டுப் போட்டி பண்டைய கிரேக்க முறைப்படி நடக்கும்.

கிரேக்கர்களைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கிரேக்க உணவகத்தில் கோப்பை கழுவியவர் அவர். "கிரேக்கரைப் பற்றி எனக்குச் சொல்லாதேங்கோ, அவங்கடை கோபத்தை நேரிலை பாத்தனான்" என்பார்.

நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர். அவருடைய தம்பி, அதாவது என் கணவர், என் மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ரொறன்ரோவுக்கு வேலைக்கென்று போனவர், அங்கேயே இன்னொரு குடும்பத்தைத் தொடங்கிவிட்டார். பிறந்தநாளுக்கு மட்டும் தொலைபேசி வரும். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் என் காரின் சில்லுகளைக் கழற்றிப் பனிக்கால டயர் மாட்டித் தந்தவர் அத்தான்தான். அந்த நன்றியை மறந்தால் நான் மனுஷி இல்லை. ஆனால் நன்றியும் கோபமும் ஒரே நெஞ்சில் இருக்க முடியாது என்று சொன்னவர்களுக்கு மைத்துனர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

அத்தானின் வீட்டு பேஸ்மென்டில் கூட்டம் நடந்தது. முதல் விதியை அவர் வாசித்ததுமே பேஸ்மென்ட் கொதித்தது. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரே ஒரு வெற்றியாளர்தான், இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் கிடையாது. எங்கள் விளையாட்டுப் போட்டியில் அதுவரை ஓடியவருக்கும் பரிசு, விழுந்தவருக்கும் பரிசு, ஓட மாட்டேன் என்று அழுத பிள்ளைக்கு இரண்டு பரிசு. "பிள்ளையள் மனமுடைஞ்சு போடுங்கள்" என்றார்கள். "கிரேக்கத்திலை தோத்தவன் ஒழுங்கையாலை ஒளிச்சுத்தான் வீட்டை போவான்" என்றார் அத்தான். அவருக்கு அந்தச் சந்து, அந்த ஒழுங்கை, பிடித்துப்போயிருந்தது.

அடுத்து சத்தியப் பிரமாணம். வீரர்களும் அவர்களுடைய தகப்பன்மாரும் சகோதரர்களும் காட்டுப்பன்றியின் இறைச்சித் துண்டுகளுக்கு முன்னால் நின்று, குழப்படி செய்ய மாட்டோம் என்று கடவுளுக்குச் சத்தியம் செய்வார்களாம். எந்தக் கடவுளுக்கு என்று கேள்வி வந்தது. யாழ்ப்பாணத்தார் பிள்ளையார் என்றார்கள். மன்னார்க்காரர் மாதா இல்லாமல் தங்கள் பிள்ளைகள் சத்தியம் செய்யாது என்றார்கள். கடைசியில் பழையபடி கிரேக்கரின் ஜீயஸ் கடவுளே இருக்கட்டும், அவருக்கு இப்போது பக்தர்கள் இல்லை, ஒருவருக்கும் மனம் நோகாது என்று தீர்மானமாயிற்று. பன்றிக்குப் பதில் ஆட்டிறைச்சி ரோல்ஸ். மரக்கறிக்காரர் மரக்கறி ரோல்ஸின் முன் சத்தியம் செய்யலாம்.

பிறகு அத்தானின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. அங்கே ஆண்கள் உடுப்பில்லாமல்தான் ஓடுவார்களாம். எல்லோரும் ஒருமுறை அத்தானின் வயிற்றைப் பார்த்தோம், அந்த விதி எதிர்ப்பில்லாமல் கைவிடப்பட்டது. கல்யாணமான பெண்கள் போட்டியைப் பார்க்கவும் கூடாதாம். "அப்ப ரோல்ஸ் ஆர் சுடுறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவும் போயிற்று. போட்டிக்காலத்தில் நகரங்களுக்கிடையே சமாதானம் நிலவுமாம். அதே நாளில் வேறு பூங்காவில் போட்டி வைக்கும் எதிர்ச் சங்கத்தின் பெயரை யாரோ முணுமுணுத்தார்கள். சமாதானத்தையும் தள்ளி வைத்தோம்.

எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய விதி ஒன்றுதான். "வெண்டவனை கட்டியக்காரன் கூவி அறிவிக்க வேணும். வெண்டவனின்ரை பேர், தகப்பன்ரை பேர், ஊர்" என்றார் அத்தான். கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. இவ்வளவு நேரமும் அந்நியமாகத் தெரிந்த கிரேக்கர்கள் அந்த நிமிஷம் எங்கள் ஒழுங்கைக்காரர் ஆகிவிட்டார்கள். கட்டியக்காரர் யார் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை, ஒலிபெருக்கி எப்போதும் அத்தானின் கையில்தான் இருக்கும்.

எனக்கு மட்டும் நெஞ்சு பற்றி எரிந்தது. என் மகளுக்குப் பதினொரு வயது. ஓட்டத்தில் அவளைப் பிடிக்க அவள் வயதில் ஆள் இல்லை. அவள் வெல்வாள். வென்றால், அவள் ஓடுவதை ஒருநாளும் பார்த்திராத ஒரு மனிதருடைய பெயர் பூங்கா முழுக்க ஒலிக்கும். டோர்வலில் விமானச் சாப்பாட்டுக்கு நாள் முழுக்கத் தட்டு அடுக்கிவிட்டு, அதே உடுப்போடு அவளைப் பயிற்சிக்குக் கூட்டிப் போய், பனிக்குள் நின்று சப்பாத்துக் கயிறு கட்டிவிட்டவள் கைதட்ட வேண்டியதுதான்.

கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பைகள் கழுவும்போது கேட்டேன்.

"அத்தான், இவள் வெண்டால் தகப்பன்ரை பேருக்குப் பதிலா என்ரை பேரைச் சொல்லுங்கோ."

"பிள்ளை, அது கிரேக்க முறை இல்லை."

"உடுப்பில்லாமல் ஓடுறதும் கிரேக்க முறைதானே. அதை விட்டிட்டியளெல்லே?"

"அது வேறை, இது வேறை" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

நானும் விடவில்லை. கார்ட்டியர்வில் நூலகத்தில் அந்தப் பழைய போட்டிகளைப் பற்றி ஒரு சிறுவர் புத்தகம் கிடைத்தது. என் பிரெஞ்சு, பெட்டிகளில் ஒட்டியிருக்கும் சீட்டை வாசிக்க மட்டும் போதுமானது. ஆகவே இரவுச் சாப்பாட்டின்போது மகள் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். அதில் ஒரு தாய் வந்தாள். கல்யாணமான பெண்கள் வரக்கூடாத திடலுக்குள் பயிற்சியாளர் போல ஆண் வேடத்தில் போய், மகன் வென்ற சந்தோஷத்தில் வேலி பாய்ந்தபோது பிடிபட்டவள். அவளைத் தண்டிக்காமல் விட்டுவிட்டார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமையே அத்தானிடம் போய் அதைச் சொன்னேன்.

"ஏன் விட்டவங்கள் எண்டு வாசிச்சனியோ?" என்றார் அத்தான், அவசரமே இல்லாமல். "அவளின்ரை தகப்பனும் சகோதரங்களும் மகனும் வெண்ட ஆக்கள். அவையின்ரை பேருக்காக விட்டவங்கள். பாத்தியோ, தகப்பன் பேர்தான் அவளைக் காப்பாத்தினது."

கோப்பை கழுவின மனிதர் பஸ்ஸில் தூங்காமல் வழிகாட்டி சொன்னதை ஒழுங்காகக் கேட்டிருக்கிறார். நான் அடுத்த கதையை எடுத்தேன். தேரோட்டப் போட்டியில் மாலை, உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவனுக்குக் கிடையாதாம். குதிரைகளின் சொந்தக்காரருக்குத்தானாம். அவர் திடலுக்கு வரத் தேவையும் இல்லையாம். "இது நியாயமோ அத்தான்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நியாயம்தானே பிள்ளை. குதிரை ஆற்றை? சொந்தக்காரன்ரைதானே?"

"என்ரை பிள்ளை குதிரை இல்லை!" என்று கத்திவிட்டேன். மேல்மாடியில் நடந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றது. அத்தான் பயந்துபோனார். "சரி, சரி, பேந்து பாப்பம்" என்றார். பிறகு பார்ப்போம் என்றால் எங்கள் பாஷையில் இல்லை என்று அர்த்தம்.

போட்டி நாளும் வந்தது. ஆற்றங்கரைப் பூங்காவில் கூடாரம் அடித்து, மேசையில் குத்துவிளக்கு வைத்து, காற்று அணைக்க அணைக்கப் பிரமுகர்கள் திரும்பத் திரும்ப அதை ஏற்றினார்கள். வாழ்த்துரை, ஆசியுரை, பொன்னாடை எல்லாம் முடிய, ஓட வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் புல்லில் படுத்துவிட்டார்கள். முந்திப் புறப்படும் வீரர்களை நடுவர் தடியால் அடிப்பது கிரேக்க வழக்கம் என்று அத்தான் ஒரு தடியும் கொண்டுவந்திருந்தார். "சிறுவர் பாதுகாப்புக்காரர் வந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேணும்" என்று ஒரு தாய் சொன்னதும், அந்தத் தடி கூடாரத்தின் ஒரு மூலையைத் தாங்கப் போயிற்று.

வென்றவருக்குச் சூட்டும் ஒலிவ் இலைமுடிக்குத்தான் அதிக பாடு. இந்த நாட்டில் ஒலிவ் போத்தலில்தான் காய்க்கிறது. அத்தானின் மனைவி, நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, வீட்டு வாசலில் தொங்கவிடும் பச்சை வளையம் ஒன்றை எடுத்து, சிவப்புப் பழங்களைப் பிடுங்கிவிட்டுத் தயார் செய்திருந்தார். ஒரு பெரிய வளையம். வென்றவர் தலையில் வைத்துப் படம் எடுத்தபின் அடுத்தவருக்காகத் திருப்பித் தர வேண்டும்.

மகளின் ஓட்டம் தொடங்கியது. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை, அவ்வளவு வேகமாக முடிந்துவிட்டது. கோட்டைத் தாண்டியபோது அவளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஒரு கார் நிறுத்தலாம். நான் வேலி ஒன்றும் இல்லாததால் பாயவில்லை, நின்ற இடத்திலேயே துள்ளினேன்.

அத்தான் ஒலிபெருக்கியை எடுத்தார். மகளின் பெயரைச் சொன்னார். ஒரு மூச்சு விட்டார். என்னைப் பார்க்காமல், தன் தம்பியின் பெயரையும் தங்கள் ஊரின் பெயரையும் கூவினார். கூட்டம் கைதட்டியது. எனக்குக் கண்ணீர் வந்தது, ஆனந்தக் கண்ணீர் இல்லை. வயிறெரிந்து வந்த கண்ணீர்.

அதோடு விட்டிருந்தால் அவர் வென்றிருப்பார். ஆனால் தம்பிப் பாசம் விடவில்லை. ரொறன்ரோவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, "இஞ்சை பாருங்கோ, வெண்ட பிள்ளையின்ரை தகப்பன்!" என்று தொலைபேசியைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் ஒலிபெருக்கி, மறு கையில் தொலைபேசி, முழங்கையில் வளையம். மூன்றையும் சமாளிக்க முடியாமல் தொலைபேசியை மேசையில் குத்துவிளக்கோடு சாத்தி நிறுத்தினார். விளக்கு அப்போதுதான் ஒருவழியாக அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. பிறகு, தகப்பனுக்கும் ஒரு மரியாதை இருக்கட்டும் என்று, அந்த வளையத்தை எடுத்துத் தொலைபேசியைச் சுற்றி மாட்டினார்.

எரிகிற விளக்கு. அதன் முன்னால் சட்டமிட்ட மாதிரி ஒரு மனிதரின் முகம். முகத்தைச் சுற்றி மாலை.

முதலில் முன்வரிசையிலிருந்து "ஐயோ!" என்று ஒரு பெண்குரல் எழுந்தது. நாலைந்து பேர் பழக்கதோஷத்தில் மௌன அஞ்சலிக்கு எழுந்து நின்றார்கள். ஒருவர் தொப்பியையும் கழற்றினார். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். பூங்காவே அமைதியாயிற்று.

"என்னண்ணை, ஏன் எல்லாரும் எழும்பி நிக்கினம்?" என்றது தொலைபேசி.

அத்தான் மேசைக்குப் பாய்ந்தார். வளையத்தைப் பிடுங்கி எறிந்தார், தொலைபேசியை அணைத்தார், விளக்கை ஊதினார், பிறகு விளக்கை வாயால் ஊதக்கூடாது என்று நினைவு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னிடம் ஓடி வந்தார். "பிள்ளை, உன்ரை பேரையே சொல்லுறன். அவன்ரை பேரை இண்டைக்கு இனி ஒருத்தரும் எடுக்க வேண்டாம்" என்றார். நூலகமும் நியாயமும் கத்தலும் செய்யாததை ஓர் அபசகுனம் செய்தது. ஒலிபெருக்கியில் மறுபடி மகளின் பெயர் வந்தது, அதன்பின் என் பெயர், அதன்பின் என் ஊர். கூட்டம் தம்பியின் ஆயுளுக்காக இன்னும் பலமாகக் கைதட்டியது. நான் விக்கி விக்கி அழுதேன். அந்தச் சந்தோஷத்தை மறைக்க எனக்கு விருப்பமும் இல்லை.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். வெறுந்தலையோடு நின்றாள். வளையத்தை எடுத்து அவளுக்குச் சூட்டப் போனவர்களை, "அந்த மாலையைப் பிள்ளைக்குப் போடாதேங்கோ!" என்று பெண்கள் தடுத்துவிட்டார்கள். இருந்தது அந்த ஒன்றுதான். அது புல்லில் கிடந்தது.

"அம்மா, ஓடினது நான்" என்றாள். "மாலை போனுக்கு. பேர் உங்களுக்கு. எனக்கு என்ன?"

என் அழுகை நின்றுவிட்டது. இரண்டு முறை அவளுடைய பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முறையும் அதற்கு அடுத்து வரப்போகும் பெயருக்காகத்தான் எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எல்லோரையும்விட அதிகமாக நான்.

அத்தானின் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கினேன். அவளுடைய பெயரைச் சொன்னேன். தகப்பன் பெயர் இல்லை, தாய் பெயர் இல்லை, ஊர் இல்லை. மேற்கொண்டு ஏதோ வரும் என்று கூட்டம் காத்திருந்தது. நான் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினேன்.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்றாள் மகள்.