இடது கையில் இருந்த ஏரி

சுவிஸில், நொஷாட்டல் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு சீன அம்மா இருக்கிறார். பாரிசவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. கட்டிலருகே அவருடைய குசெங், தந்தி வாத்தியம், ஆள் நீளத்துக்குக் கிடக்கும். அறை துடைக்கிற எனக்குத்தான் அது இடைஞ்சல். ஆரம்பத்தில் மனதுக்குள் திட்டாத நாள் இல்லை.

மத்தியானங்களில், தந்தி மீட்டுவதற்கான செயற்கை நகங்களை அவருடைய வலது கை விரல்களில் ஒட்டுநாடாவால் சுற்றிவிடுவேன். ஒற்றைக் கையால் அவர் எப்படிச் சுற்றுவார்? வாசிப்பது எப்போதும் ஒரே பழைய மெட்டுத்தான். அந்தி நேரம், ஏரி, கரை திரும்பும் படகுகள், அவ்வளவுதான் கதை என்று பிரெஞ்சில் சொன்னார். வலது கை மீட்டுவது படகு. இடது கை தந்தியை அழுத்தி நெளித்தால்தான் தண்ணீர். இப்போது தண்ணீர் இல்லாத ஏரியில் படகுகள் தரையில் இழுபட்டன. சாவதற்கு முன் ஒருமுறை முழுதாகக் கேட்டால் போதும் என்றார். கை இனித் திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

சிறு வயதில் கொஞ்சக் காலம் வீணை படித்தேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்த பிறகு பின்வாங்க முடியவில்லை.

வீட்டில் சொன்னதும் கணவர் சிரித்தார். "வேலைக்குப் போறீரோ, கச்சேரிக்குப் போறீரோ?"

"பாவம், அந்த மனுசிக்கு ஒருத்தரும் இல்லை. என்ரை கையைக் குடுத்துப் பாக்கிறன்."

"ஓம், ஓம். பிறகு என்னட்டை வந்து அழக்கூடாது."

மறுநாள் அந்த அம்மா மீட்ட, அவர் கண்ணால் காட்டிய தந்தியை நான் அழுத்தினேன். மெல்ல அழுத்தி மெல்ல விட வேண்டும். என் கை கேட்கவில்லை. சுரத்தை அசைக்காமல் நிறுத்தினால் வீணை ஆசிரியையிடம் அடி வாங்கிய கை அது; ஆட்டி ஆட்டி எடுத்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. தண்ணீர் வந்துவிட்டது என்ற நினைப்பில் அவரைப் பார்த்தேன்.

"அழகான ஏரி. ஆனால் இது உங்களுடையது" என்றார்.

மறுபடியும் முயன்றோம். அடக்கினால் ஒலி செத்தது, விட்டால் ஆடியது. என் கைமேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே நொஷாட்டல் ஏரி தன்பாட்டுக்குக் கிடந்தது. அதனால் இரண்டு பேருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

அடுத்த மத்தியானம் ஒட்டுநாடாவோடு போய், கையை நீட்டச் சொன்னேன். நன்றாக இருந்த அந்த வலது கையையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.