கடலடியில் ஒரு பஸ் பயணம்

தெருவில் அவளைக் கடல்காரி என்பார்கள். உண்மையில் அவள் கடலில் கால் நனைத்தவள்கூட இல்லை. கப்பல்கள் அளந்து அனுப்பும் ஆழங்களை வைத்துக் கடலடிக்கு வரைபடம் வரைவது அவள் பிழைப்பு. சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். எதிர் நாற்காலியில் கணவர். தொலைதூர பஸ் ஓட்டியே காலத்தைக் கழித்தவர், பார்வை மங்கியதால் வீட்டோடு ஆகிவிட்டார். ஸ்டியரிங்கை விட்ட கையோடு பேச்சையும் விட்டுவிட்டார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அவள் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் அவருக்குத் தெரிவது அதன் முதுகும் அவள் நெற்றியும்தான்.

குனிந்து குனிந்து அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கணினி பழுது பார்க்கும் அவள் தம்பி பெரிய மானிட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தான். தனி கீபோர்டு, மவுஸ், ஒரு கேபிள். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு லேப்டாப்பை மூடச் சொன்னான். மூடினாள். பெரிய திரையும் இருண்டது. காலையிலிருந்து வரைந்ததெல்லாம் போயிற்று என்று அவள் அவசரமாக லேப்டாப்பைத் திறக்கப் போனாள்.

"தூங்குதுக்கா, சாகல," என்றான் தம்பி. மூடினாலும் தூங்காதபடி செட்டிங்கை மாற்றினான். சார்ஜரைப் பிடுங்கக் கூடாது, காற்றோட்டம் வேண்டும் என்று சொல்லி, மூடிய லேப்டாப்பைப் புத்தகம்போல் நிறுத்திவைத்தான். ஒரு விசையைத் தட்டியதும் சுவரோரம் கடல் விரிந்தது. கருநீலப் பள்ளங்கள், வெளிர்நீல மேடுகள், வெயிலே படாத நீண்ட சமவெளி.

அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. கூடம் முழுக்க மங்கிய நீல வெளிச்சம். கணவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தனை பெரிய படம் அவர் கண்ணுக்கும் எட்டியது. வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு பள்ளத்தாக்கைக் காட்டினார்.

"இந்த எறக்கத்துல ரெண்டாவது கியர்லதான் வரணும்."

அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் ஏத்தமா இருக்கே, வண்டி இழுக்குமாங்க?"

"ஆளுங்க கம்மின்னா இழுக்கும்."

அதன்பிறகு தினமும் மதியம் பஸ் கிளம்பியது. அவள் வேலையை முடித்து மவுஸை அவர் கையில் கொடுப்பாள். அவர் மேட்டைச் சுற்றிக்கொண்டு போவார். எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், எங்கே நிறுத்தி டீ குடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வருவார். முன்பு வழியில் ஏறி இறங்கியவர்களைப் பற்றி அவர் வீட்டில் ஒருநாளும் சொல்லாத கதைகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஜன்னலோரம் இடம் கிடைத்த பயணிபோல் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் கேட்டபடியே கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது திரையில் அவள் வரைந்த பகுதியே இல்லை. அவர் அதையெல்லாம் தாண்டி, வேறு யாரோ வரைந்த சமவெளியில் போய்க்கொண்டிருந்தார்.

"எங்கங்க வந்துட்டோம்?"

"தெரியல. எழுப்ப மனசு வரல. நல்ல ரோடு."

திரும்பலாமா என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. காலை மடக்கி வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"மெதுவாவே போங்க," என்றாள்.